மழலையர் பள்ளியும் ஒரு குடும்பத்தின் அமானிதமும்

மனிதன் மரணமடைந்ததும் அவனுடைய செயல்களின் ஏடு மூடப்பட்டுவிடுகிறது. எனினும் மூன்றின் நன்மை மட்டும் மண்ணறைக்கு அப்பாலும் அவனைச் சென்றடைந்துகொண்டே இருக்கும் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸதக்கா ஜாரியா எனப்படும் நிலையான தர்மம், பிறர் பயன்பெறும் கல்வி, தனக்காக இறைஞ்சும் நல்ல பிள்ளை ஆகியவையே அம்மூன்று. ஸஹீஹ் முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள இந்த நபிமொழியை ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுக் கண் கலங்குகிறோம். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடும் வாய்ப்பு உண்டா என்று எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே.

அத்தகைய வாய்ப்பு உண்டு. பெற்றோர் ஒதுக்கிய சிறு சொத்தின் வருவாயைக் கொண்டு, அவர்தம் மக்களே பொறுப்பேற்று நடத்தும் மழலையர் பள்ளியில் இம்மூன்றும் கூடுகின்றன. ஒதுக்கப்பட்ட சொத்து நிலையான தர்மமாகிறது. அங்கு கற்பிக்கப்படுவது பயனுள்ள கல்வியாகிறது. அதைக் கட்டிக் காக்கும் மகனும் மகளும் நல்ல பிள்ளைகளாகிறார்கள்.

ஆனால் அறக்கட்டளையைப் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. நிறுவியவர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அதே நோக்கத்துடன் அதை நடத்துவதே சோதனை. அந்தச் சோதனையில் குடும்பங்கள் எங்கே இடறுகின்றன, மார்க்கம் அதற்கு என்ன வழி காட்டுகிறது என்பதை இங்கே சிந்திப்போம்.

சேக்காட்டில் ஒரு குடும்பம்

சென்னைக்கு மேற்கே, ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி சேக்காடு. 1961ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. உழைப்பையே முதலாகக் கொண்ட குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்தும் இந்த மேற்குப் புறநகரை நாடி வந்து குடியேறின. தந்தை ஒரு முறைவேலைக்கும் தாய் மற்றொரு வேலைக்கும் செல்லும் இல்லங்களில், மூன்று வயதுக் குழந்தையின் பகற்பொழுது யார் பொறுப்பில் கழிகிறது என்பது இத்தகைய ஊர்களில் என்றும் உள்ள கேள்வி.

இங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் சேமிப்பில் இரண்டு கடைகளைக் கட்டினார். அவற்றின் வாடகையில் அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பொன்றை நடத்த வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு இறைவனடி சேர்ந்தார். அவருக்கு மூன்று ஆண்மக்கள், ஒரு பெண். மூத்தவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இரண்டாமவர் வணிகர். மூன்றாமவர்க்கு நேரமில்லை. பெண்ணோ அதே தெருவில் வசிப்பவள். தந்தை இருந்த காலத்திலேயே அந்த வகுப்பின் கணக்கையும் குழந்தைகளையும் கவனித்து வந்தவள். ஆயினும், நிர்வாகம் யார் கையில் என்ற பேச்சு எழும்போது அவளுடைய பெயரை எவரும் சொல்வதில்லை. மூத்த மகன் இருக்க மகளா என்பார்கள். அவர் ஊருக்கு வரும்வரை காத்திருப்போம் என்பார்கள். இப்படியே காத்திருந்து, வகுப்பறையைப் பூட்டிய குடும்பமாக அது ஆகிவிடக்கூடும்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆயினும் இதைப் படிக்கும் பலர் தம் சுற்றத்தில் இதையொத்த ஒன்றை நினைவுகூரக்கூடும். இக்குடும்பத்தின் கேள்விக்கு விடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

கைபர் நிலத்தின் சாசனம்

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த செல்வத்தைத் தாம் பெற்றதில்லை என்று கூறி, அதை என்ன செய்வதென்று நபி பெருமானாரிடம் (ஸல்) ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் விளைபயனைத் தர்மமாக்கலாம் என்று பெருமானார் (ஸல்) வழி காட்டினார்கள். உமர் (ரலி) அவர்களும் அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்பாக வழங்கப்படவோ, வாரிசுகளுக்குச் செல்லவோ கூடாது என்று நிபந்தனை விதித்து, ஏழைகளுக்கும் உறவினர்க்கும் அடிமைகளின் விடுதலைக்கும் வழிப்போக்கர்க்கும் விருந்தினர்க்கும் இறைவழியிலும் அதன் பயனை அர்ப்பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள இச்செய்தியே பின்னாளில் வக்புச் சட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

இதன் தொடர்ச்சியாக அபூதாவூத் நூலில் ஒரு விவரம் காணப்படுகிறது. அந்த வக்பு எழுத்தில் பதிவு செய்யப்பட்டது. முஐகீப் (ரலி) எழுதினார். அப்துல்லாஹ் பின் அல்அர்கம் (ரலி) சாட்சியாக நின்றார். நிர்வாகப் பொறுப்பு ஹப்ஸா (ரலி) அவர்களின் வாழ்நாள் முழுவதும் அவர்களிடம் இருக்கும் என்றும், அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்லறிவும் தெளிந்த கருத்தும் உடையவரிடம் சேரும் என்றும் அச்சாசனம் விதித்தது.

ஹப்ஸா (ரலி) உமர் (ரலி) அவர்களின் மகள். நம்பிக்கையாளர்களின் அன்னையருள் ஒருவர். அறிவிலும் இறையச்சத்திலும் பெயர் பெற்ற அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) போன்ற ஆண்மக்கள் இருந்தபோதே, கலீபா தம் மகளைப் பொறுப்பாளராக்கினார்கள். மகளுக்குப் பின் வருபவரைக் குறிக்கும்போதும் வயதில் மூத்தவர் என்று எழுதவில்லை. தகுதியையே அளவுகோலாக வைத்தார்கள். எழுத்து, சாட்சி, தகுதி அறிந்து பொறுப்பளித்தல் என்னும் மூன்று தூண்கள் அந்த ஒரே சாசனத்தில் அமைந்திருப்பதைக் காண்கிறோம். சேக்காட்டுக் குடும்பத்திற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டுமா?

பெண்கள் கல்வி அறத்தில் முன்னின்றதற்கு வரலாற்றில் வேறு சான்றும் உண்டு. மொராக்கோ நாட்டின் பெஸ் நகரில் கராவிய்யீன் பள்ளிவாசலைத் தம் தந்தை விட்டுச் சென்ற செல்வத்தால் கி.பி. 859இல் நிறுவியவர் பாத்திமா அல்பிஹ்ரி என்று மரபுவழி வரலாறு கூறுகிறது. அப்பள்ளிவாசல் நாளடைவில் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. தந்தையின் சொத்து மகளின் கையில் கல்வியாக மாறிய வரலாறு அது.

நம் நாட்டில் நேர்ந்தவை

குடும்ப வக்புக்கு நம் நாட்டில் ஒரு சோதனைக் காலமும் வந்தது. 1894ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பொன்று, பெரும்பயன் குடும்பத்தாரையே சேர்ந்து, ஏழைகளுக்குரிய பங்கு தொலைவிலும் பெயரளவிலும் மட்டும் இருந்த ஒரு வக்பைச் செல்லாதென்று கூறியது. அத்தீர்ப்பு முஸ்லிம்களிடையே பெருங்கவலையை உண்டாக்கியது. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்றோர் அதற்கு எதிராகக் குரல் எழுப்பினர். முகம்மது அலி ஜின்னா கொண்டுவந்த மசோதாவின் பயனாக 1913இல் குடும்ப வக்புகளைச் செல்லத்தக்கவையாக்கும் சட்டம் நிறைவேறியது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான அறத்திற்கோ உரியதாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை.

தீர்ப்பு நீக்கப்பட்டபோதிலும் அது எழுப்பிய கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது. ஓர் அறக்கட்டளையின் வருவாயில் எவ்வளவு குடும்பத்துக்குத் திரும்பி வருகிறது, எவ்வளவு ஏழைக் குழந்தையைச் சென்றடைகிறது என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025ஆம் ஆண்டின் வக்பு திருத்தச் சட்டத்தைப் பற்றிய விவாதங்களும் வழக்குகளும் யாவரும் அறிந்தவை. சிறு குடும்பங்கள் அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. எழுத்து வடிவிலான பத்திரம் இன்றிப் புதிய வக்பு ஏற்படுத்த இயலாது. குடும்ப வக்பு ஏற்படுத்துவதன் மூலம் பெண் வாரிசுகளின் உரிமையைப் பறிக்கலாகாது. வேறு சட்டங்களின்படி முஸ்லிம்கள் நிறுவிய டிரஸ்டுகள் வக்புச் சட்டத்தின் கீழ் வாரா. ஆகவே, நாம் நிறுவுவது வக்பா, பொது அறக்கட்டளையா என்பதை முதலிலேயே முடிவு செய்து, வழக்கறிஞரின் துணையோடு பத்திரத்தில் தெளிவாக எழுதிவிடுதல் நன்று. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதிச் சாட்சியுடன் வைக்குமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிடுகிறது. தலைமுறை கடந்து நிற்க வேண்டிய தர்மத்தை வாய்ச்சொல்லில் விட்டுவிடுவது எவ்வாறு தகும்?

சொத்து ஒதுக்குவதிலும் அளவு உண்டு. தம் உடைமை முழுவதையும் தர்மமாக எழுதிவைக்க விரும்பிய ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களை, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்போகாமல் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். அதுவுமே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுவிட்டுச் செய்யும் தர்மத்தை மார்க்கம் விரும்பவில்லை.

ஏழு வயதுக்கு முன்

தர்மம் செய்ய எத்தனையோ துறைகள் இருக்க, மழலையர் கல்வியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மனித மூளையின் வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுவதாக 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய ஆய்வொன்றில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 58 பேர்க்கு நல்ல மழலையர் கல்வி அளிக்கப்பட்டது. 65 பேர்க்கு அளிக்கப்படவில்லை. நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, மழலையர் கல்வி பெற்றோர் படிப்பிலும் வருவாயிலும் நன்னடத்தையிலும் மேம்பட்டிருந்தனர்.

இந்த வயதுக்குரிய கல்வி எப்படி அமைய வேண்டும்? இங்கேதான் நம்மில் பலர் தவறான பாதையில் செல்கிறோம். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, எழுதவில்லை என்று கடிந்துகொள்கிறோம். பிள்ளைகளை ஏழு வயதில் தொழுகைக்கு ஏவுமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே ஏழு வயதுவரை கட்டளை இல்லையென்றால், அதற்கு முந்திய பருவம் எதற்குரியது? அன்புக்கும் விளையாட்டுக்கும் பார்த்துப் பழகுதலுக்கும் உரியது.

பெருமானாரின் (ஸல்) வாழ்வே இதற்குச் சான்று. தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுகை நடத்தினார்கள். தொழுகையில் நிற்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அவனிடம் கனிவுடன் விசாரித்து விளையாட்டாகப் பேசினார்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ பின் ஹாபிஸை நோக்கி, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். மழலையர் பள்ளிக்கு ஆசிரியையைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி, சான்றிதழைப் பார்ப்பதோடு அழும் குழந்தையை அந்த ஆசிரியை எப்படித் தூக்குகிறார் என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

நம் தலைநகருக்கும் இத்துறையில் ஒரு வரலாறு உண்டு. குழந்தைக் கல்வியில் உலகப் புகழ் பெற்ற இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்து, இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பின்னாளில் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு 1972இல் பள்ளி முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை அளித்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1982 ஜூலை 1ஆம் நாள் தமிழகத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், தொடக்கப் பள்ளி மாணவர்களோடு பள்ளி முன்பருவக் குழந்தைகளையும் அரவணைத்தது.

ஆகவே, ஒரு சிறு குடும்ப அறக்கட்டளை முதலில் பார்க்க வேண்டியது தெருமுனையிலுள்ள அங்கன்வாடியை. அது நன்கு நடைபெறுமானால், அதற்குப் போட்டியாக மற்றொன்றைத் தொடங்க வேண்டியதில்லை. உரியவர்களின் இசைவு பெற்று, பாய்களும் விளையாட்டுப் பொருள்களும் குடிநீர் வசதியும் செய்து தரலாம். அங்கன்வாடி மூடிய பின் தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை உள்ள பொழுதுக்கு ஒரு காப்பகம் நடத்தலாம். எங்கே குறை இருக்கிறதோ அங்கே சென்று சேரும் தர்மமே குழந்தைக்குப் பயன்படும்.

மொம்பாசா தந்த படிப்பினை

கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் கடற்கரை நகரமாகிய மொம்பாசாவில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 1980களின் தொடக்கத்தில், தங்கள் பிள்ளைகள் நல்ல தொடக்கப் பள்ளிகளில் இடம் பெற இயலாமல் பின்தங்குவதைக் கண்டு அவ்வூர்ப் பெரியவர்கள் வருந்தினர். ஆகா கானிடம் உதவி கோரினர். அவ்வூரைச் சேர்ந்த ஸ்வாஃபியா சயீத் என்ற ஆசிரியை, குர்ஆன் மதரஸாக்களோடு இணைந்த மழலையர் பள்ளிகளை உருவாக்கும் பணியை ஏற்றார். 1986இல் அம்முயற்சி வேரூன்றியது. 1990களில் சான்சிபாருக்கும் உகாண்டாவுக்கும் பரவியது.

அங்கே செய்யப்பட்டவை எளியவை. அக்கம்பக்கத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தார்கள். கிளிஞ்சல், மரத்துண்டு, துணி போன்ற உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கற்பிக்கும் கருவிகளைச் செய்தார்கள். மிச்சிகன் ஆய்வுக்கு ஆதாரமாக இருந்த கற்பிக்கும் முறையைத் தங்கள் மொழிக்கும் மார்க்கப் பண்பாட்டுக்கும் ஏற்பத் தகவமைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியையும் அவ்வூர் மக்களின் குழுவே நடத்தியது. வெளியுதவி நின்ற பின்னும் பள்ளி நிலைத்திருக்கும் பொருட்டு, பின்னாளில் பள்ளிகளுக்கெனச் சிறு மூலநிதிகளும் ஏற்படுத்தப்பட்டன.

ஐரோப்பாவிலும் ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பெர்னார்டு வான் லியர் என்ற டச்சுத் தொழிலதிபர் 1949இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1958இல் அவர் மறைந்த பின், அவருடைய மகன் ஆஸ்கார் அதன் கவனத்தை வறுமையில் வாடும் குழந்தைகளின்பால் திருப்பினார். இன்று இளங்குழந்தைகளின் நலனுக்கென்றே பணியாற்றும் நிறுவனமாக அது உலகெங்கும் அறியப்படுகிறது. நிறுவியவர் செல்வத்தை வைத்துச் சென்றார். அதற்குத் தெளிவான ஒரே நோக்கத்தை வகுத்துத் தந்தது அடுத்த தலைமுறை. நம் நாட்டிலும் ஹக்கீம் அப்துல் ஹமீது, தம் தந்தை 1906இல் டில்லியில் தொடங்கிய ஹம்தர்த் மருந்தகத்தை 1948இல் வக்பாக்கினார். தந்தையின் கடை மகனின் கையில் அறமாக மாறிற்று.

வரவும் செலவும்

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பம், மூலதனத்தை வங்கியில் வைப்பு நிதியாக வைத்து வட்டியில் பள்ளி நடத்த இயலாது. கைபர் நிலத்தைப் போல, விளைபயன் தரும் சொத்தே அதற்குத் தக்கது. நகர்ப்புறத்தில் அது பெரும்பாலும் கடையோ வீடோ ஆகும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு கடைகளிலிருந்து மாதம் 30,000 ரூபாய் வாடகை வருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். வக்புச் சொத்தின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தைப் பழுது பார்ப்பதே என்பது சட்ட மேதைகளின் கருத்து. கடை இடிந்துவிட்டால் பள்ளியும் நின்றுவிடும். ஆகவே வரி, பழுது, கடை காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்காக 15 விழுக்காடு, அதாவது 54,000 ரூபாய் ஒதுக்கிவிட வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளைகள் வருவாயில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வருமான வரி விதிக்கும் இது பொருந்தி நிற்கிறது. எஞ்சுவது 3,06,000 ரூபாய். ஆசிரியைக்கு மாதம் 12,000, உதவியாளருக்கு 7,000 எனக் கொண்டால் ஆண்டுக்கு 2,28,000 ரூபாய். 25 குழந்தைகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்குப் பத்து ரூபாய் வீதம் 200 நாள்களுக்குச் சிற்றுணவு 50,000 ரூபாய். மீதி 28,000 ரூபாயில் விளையாட்டுப் பொருளும் தாளும் வண்ணமும் மருத்துவப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.

இக்கணக்கு நமக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. இரண்டு கடைகளால் 25 குழந்தைகளைப் பேண முடியும். ஐம்பது குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டால் ஐம்பது பேருக்கும் அநீதி செய்ததாகும். ஆசிரியையின் ஊதியமே பெருஞ்செலவு. அதைக் குறைத்துக் கட்டடத்துக்கு வண்ணம் பூசினால் தர்மத்தின் உயிரை எடுத்து உடலை அலங்கரித்ததாகும்.

நிர்வாகி ஊதியம் பெறலாமா? உமர் (ரலி) அவர்களின் சாசனம், பொறுப்பாளர் நியாயமான அளவில் உண்பதை அனுமதித்தது. செல்வம் சேர்ப்பதைத் தடுத்தது. அநாதைகளின் பொருளைப் பராமரிப்பவர் வசதியுடையவராயின் தவிர்ந்துகொள்ளட்டும், ஏழையாயின் முறைப்படி பெறட்டும், பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளட்டும் என்று திருமறையும் (4:6) வழிகாட்டுகிறது. எனவே தெருவிலிருந்து பள்ளியைக் கவனிக்கும் அந்தச் சகோதரிக்குக் குடும்பம் வெளிப்படையாக ஒரு தொகையை முடிவு செய்து எழுதி வைப்பதில் குற்றமில்லை. சொல்லாமல் எடுப்பதே குற்றம்.

ஜக்காத் பணத்தைக் கலக்காதீர்

நல்லெண்ணம் கொண்ட அறக்கட்டளைகளும் இடறும் இடம் ஒன்று உண்டு. ரமலானில் உறவினர்கள் ஜக்காத் தொகையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நிர்வாகி அதை வாங்கி, மற்றப் பணத்தோடு ஒரே பெட்டியில் போட்டு, சுவர் எழுப்பவும் சம்பளம் கொடுக்கவும் செலவிட்டுவிடுகிறார். ஜக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறை (9:60) வரையறுத்துள்ளது. உரியவர்க்கு உடைமையாக்கப்படுவதை ஹனபி மத்ஹப் நிபந்தனையாகக் கொள்கிறது. ஆகவே ஜக்காத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். அத்தொகை தகுதியுள்ள ஏழைப் பெற்றோரின் கையை முறைப்படி அடைந்து, குழந்தையின் தேவைக்குப் பயன்பட வேண்டும். கட்டடமும் ஊதியமும் வாடகை வருவாயிலிருந்தும் ஸதக்காவிலிருந்தும் நடைபெறட்டும். ஐயம் எழும் இடங்களில் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் விளக்கம் பெறுவது நிர்வாகியின் கடமை.

கூரையும் அமானிதமே

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளை எந்தப் பள்ளி நிர்வாகியும் மறக்கலாகாது. அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையலறையில் எழுந்த நெருப்பு வகுப்பறைக் கூரைக்குப் பரவிற்று. காலையில் தலைவாரி அனுப்பிய பெற்றோர் மாலையில் எதைப் பெற்றுக்கொண்டனர் என்பதை எழுதவும் மனம் நடுங்குகிறது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு திருமறை (4:58) கட்டளையிடுகிறது. மழலையர் பள்ளியில் காலை ஒன்பது மணிக்கு ஏற்றுக்கொண்ட அமானிதம் உயிருள்ள குழந்தை. அக்குழந்தையைத் தாயின் கையில் திரும்பச் சேர்க்கும்வரை பொறுப்பு நீங்குவதில்லை. இலவசமாகத்தானே நடத்துகிறோம் என்ற எண்ணம் பாதுகாப்பில் தளர்ச்சிக்கு இடம் தரலாகாது. அகலமான இரண்டாவது வாயில், வகுப்பிலிருந்து விலகிய சமையலிடம், மூடியிட்ட தண்ணீர்த் தொட்டி, குழந்தையை யாரிடம் அனுப்பலாம் என்ற பதிவேடு, அரசின் அங்கீகாரம் ஆகியவை இல்லையெனில், தந்தையின் பெயர்ப்பலகையை மாட்டாமல் இருப்பதே மேல்.

பெயரும் புகழும்

தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் பாழாக்கிவிடாதீர்கள் என்று இறைவன் எச்சரிக்கிறான் (2:264). அதே அத்தியாயத்தில் வெளிப்படையாகச் செய்யும் தர்மமும் நல்லதே என்றும், ஏழைக்கு மறைவாகச் செய்வது அதனினும் சிறந்தது என்றும் அருள்கிறான் (2:271). இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும். பள்ளிக்குத் தந்தையின் பெயரைச் சூட்டலாம். பிறர்க்கும் அது ஆர்வமூட்டும். ஆனால் இலவசமாகப் படிக்கும் குழந்தையை மேடையேற்றி, அதன் தாயை வரிசையில் நிறுத்தி, சீருடை கொடுப்பதைப் புகைப்படம் எடுக்கலாகாது. அக்குழந்தைக்கு இன்று புரியாவிட்டாலும், வளர்ந்த பின் அப்படம் அதன் கண்ணில் படும். கட்டணம் செலுத்துபவர் யார், செலுத்தாதவர் யார் என்பது நிர்வாகியின் ஏட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

அண்டை வீட்டுக் குழந்தை எம்மதத்தைச் சேர்ந்ததாயினும் அதற்கும் அப்பள்ளியில் இடமிருக்க வேண்டும். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்குக் கற்பித்து விடுதலை பெற்றதை வரலாறு கூறுகிறது. கல்வியைப் பெறுவதில் பெருமானார் (ஸல்) சமய வேலி இடவில்லை. கொடுப்பதில் நாம் இடுவது முறையாகாது.

அடுத்த கைக்கு

இனிச் சேக்காட்டுக் குடும்பத்திடம் மீள்வோம். அவர்கள் செய்ய வேண்டியது என்ன? வளைகுடாவிலுள்ள மூத்தவர் ஊர் வரும்போது நால்வரும் அமர்ந்து, பத்திரத்தை எடுத்துப் படிக்கட்டும். நிர்வாகப் பொறுப்பைச் சகோதரிக்கு எழுத்து மூலம் அளிக்கட்டும். கணக்கை ஆண்டுதோறும் பார்வையிடக் குடும்பத்துக்கு வெளியே நேர்மையுள்ள ஒருவரையும் குழுவில் சேர்க்கட்டும். படிக்கும் குழந்தைகளின் தாய்மாருள் ஒருவரை அழைத்து அவர் கருத்தையும் கேட்கட்டும். சகோதரியும் தமக்குப் பின் வரக்கூடியவரை இப்போதே அருகில் வைத்துப் பழக்கட்டும். ஹப்ஸா (ரலி) அவர்களுக்குப் பின் யார் என்பதை உமர் (ரலி) முன்கூட்டியே எழுதி வைத்தார்கள் அல்லவா?

என்றேனும் ஒருநாள் குடும்பத்தில் எவராலும் நடத்த முடியாத நிலை வரலாம். அப்போது கடைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள எண்ணாமல், சட்டப்படியும் மார்க்கப்படியும் அதே பணியைத் தொடரும் நம்பகமான வேறொரு கல்வி அறக்கட்டளையிடம் பொறுப்பை ஒப்படைப்பதற்கு இப்போதே பத்திரத்தில் வழி செய்து வைக்கட்டும். குடும்பம் பல ஊர்களுக்குச் சிதறினாலும், தர்மம் அத்தெருவின் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருக்கும்.

இறைவழியில் செலவிடப்படும் பொருளை ஏழு கதிர்களை ஈன்று, கதிருக்கு நூறு மணிகள் தாங்கும் ஒற்றை வித்துக்குத் திருமறை (2:261) உவமித்துள்ளது. விதைத்தவர் அறுவடையைக் காண்பதில்லை. காவல் காப்பவர் மாறிக்கொண்டே இருப்பர். வேலியை விடாமல் காப்பதே பின்வந்தோரின் கடமை.

வல்ல நாயன் நம் பெற்றோரின் தர்மங்களை ஏற்றுக்கொள்வானாக! அவற்றை நேர்மையுடன் காத்து, அடுத்த தலைமுறையிடம் குறைவின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன்.